கையால் செய்த சவர்க்காரம்: ‘ஓர்கானிக்’ யாருக்கு, எதற்கு?

யாழ். குடாநாட்டில் கையால் செய்த சவர்க்காரத்துக்கு இப்போது நல்ல காலம். நல்லூர்த் திருவிழாக் காலக் கடைகளிலும், முற்றவெளியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியிலும், முகநூல் பக்கங்களிலும் வேம்பு, மஞ்சள், கற்றாளை, சந்தனம் என்று பல பெயர்களில் அது விற்பனைக்கு வருகிறது. உறையில் பெரும்பாலும் ‘இயற்கை’ அல்லது ‘ஓர்கானிக்’ என்று எழுதியிருக்கிறார்கள். விலையை ஏற்றுவது இந்த இரண்டு சொற்கள்தான். ஆனால் அவற்றுக்கு என்ன பொருள், யார் சரிபார்த்தார்கள், எழுதியது பொய்யென்றால் யாரிடம் போவது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. இந்த நிலை நீடித்தால் ஏமாறப்போவது வாங்குபவர் மட்டுமல்ல. நேர்மையாகச் சவர்க்காரம் செய்து பிழைக்கும் பெண்களும் சந்தையை இழப்பார்கள்.

போருக்குப் பிறகு குடும்பச் சுமையைத் தனியே தூக்கும் பெண்கள் இங்கே ஏராளம். ஒரு தராசு, ஒரு பாத்திரம், சில அச்சுகள், கொஞ்சம் எண்ணெய் இருந்தால் தொடங்கக்கூடிய தொழில் இது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஊர் நினைவாக வாங்கிச் செல்லும் பொருளாகவும் ஆகிவிட்டது. அதனால் இதை ஒரு சின்னப் பொழுதுபோக்கு விவகாரமாக ஒதுக்கிவிட முடியாது.

நமக்குப் புதிதல்ல

மூத்த தலைமுறையில் மில்க்வைற் சவர்க்காரத்தை மறந்தவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்தில் அந்தத் தொழிலகத்தை நடத்திய க. கனகராசா சவர்க்காரம் விற்றதோடு நிற்கவில்லை. பனை நடுகையை ஓர் இயக்கமாகவே முன்னெடுத்தார். ‘மில்க்வைற் செய்தி’ என்ற இதழையும் வெளியிட்டார். மூலப்பொருள் தரும் மரத்தையும் மண்ணையும் காப்பது தொழிலதிபரின் கடமை என்பதை அன்றே செய்து காட்டியவர் அவர்.

சவர்க்காரத்துக்குத் தேவையான எரிசோடாவும் வடக்கிலேயே உற்பத்தியானது. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் செய்தது. போர் அதை மூடிவிட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமே அரிய பொருளானபோது, சனங்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். இல்லாமையிலும் வழி கண்ட ஊர் இது. இன்று பொருள் தாராளமாகக் கிடைக்கும்போது, சொல்லை நம்பி ஏமாற வேண்டியதில்லை.

இரண்டு சொற்களும் ஒன்றல்ல

‘இயற்கை’ என்றால், பொருள் மரத்திலிருந்தோ செடியிலிருந்தோ மண்ணிலிருந்தோ விலங்கிலிருந்தோ வந்தது என்று மட்டுமே அர்த்தம். அது எப்படி வளர்ந்தது, என்ன மருந்து அடித்தார்கள், எங்கே பிடுங்கினார்கள் என்ற எதையும் அந்தச் சொல் சொல்லாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம்கூட அழகுசாதனப் பொருள்களில் ‘இயற்கை’ என்பதற்குச் சட்டப்படி வரையறை வகுக்கவில்லை. அதாவது யாரும் எழுதலாம்.

‘ஓர்கானிக்’, நம் விவசாயத் திணைக்கள வழக்கில் ‘சேதன முறை’, என்பது வளர்த்த விதத்தைப் பற்றியது. செயற்கைப் பசளையும் செயற்கைக் கிருமிநாசினியும் இல்லாமல் பயிர் செய்திருக்க வேண்டும். நிலம் பழைய நஞ்சிலிருந்து மீளக் காலம் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகள், மரப்பயிர்களுக்கு 3 ஆண்டுகள். அதன் பிறகு வெளியாள் ஒருவர் வந்து தோட்டத்தையும் கணக்கையும் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்திடமும் இதற்கென எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரநிலை இருக்கிறது. சான்றிதழ் இலக்கம் இல்லாத ‘ஓர்கானிக்’ வெறும் வாய்ப்பேச்சு.

ஐரோப்பாவின் சான்றளிப்பு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய ‘கொஸ்மோஸ்’ தரநிலையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி முத்திரை உண்டு. சேதன முத்திரை வேண்டுமென்றால் சேதனப் பொருள் இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. நாம் மட்டும் இரண்டையும் ஒரே உறையில் அலங்காரமாகப் பயன்படுத்துகிறோம்.

எரிசோடா இல்லாமல் சவர்க்காரம் இல்லை

‘இரசாயனம் இல்லாத சவர்க்காரம்’ என்று எழுதியிருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள். எண்ணெயும் எரிசோடாவும் வினைபுரிந்து மாறுவதுதான் சவர்க்காரம். எரிசோடா என்பது பள்ளியில் படித்த சோடியம் ஐதரொட்சைட்டு. அது வயலில் விளைவதில்லை. ஆகவே அதைச் சேதன முறையில் விளைந்தது என்றோ, அப்படி விளையாதது என்றோ பிரிக்க முடியாது. தண்ணீரும் உப்பும் களிமண்ணும் அப்படித்தான். அமெரிக்காவின் டொக்டர் புரோனர்ஸ் நிறுவனம் தன் சவர்க்காரத்தில் ‘சேதன எண்ணெய்களால் செய்தது’ என்றுதான் எழுதுகிறது. நேர்மையான சொல்லாட்சி அதுதான்.

அளவு சரியாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. 700 கிராம் தேங்காய் எண்ணெயும் 300 கிராம் நல்லெண்ணெயும் சேர்த்தால் அவற்றை முழுவதுமாகச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 168 கிராம் எரிசோடா வேண்டும். அனுபவமுள்ளவர்கள் 5 விழுக்காடு குறைத்து 160 கிராம் போடுவார்கள். அப்போது கொஞ்ச எண்ணெய் மாறாமல் மிஞ்சித் தோலைக் காக்கும், எரிசோடா மிஞ்சாது. எண்ணெய்க்கு எண்ணெய் இந்த அளவு மாறும். தேங்காய் எண்ணெய்க்குக் கூட வேண்டும், நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் குறையப் போதும். ‘ஒரு கரண்டி, இரண்டு கரண்டி’ என்ற கணக்கு இங்கே ஆபத்து.

எரிசோடாவைத் தண்ணீரில்தான் சிறிது சிறிதாகப் போட வேண்டும். எரிசோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. எரிசோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவைக் கிளப்பும். கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும். கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்கக் கலக்க, கலவை தடித்துக் கட்டித் தயிர் பதத்துக்கு வரும். அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் 4 முதல் 6 கிழமை காயவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் விற்பது வாடிக்கையாளரின் தோலில் பரிசோதனை செய்வதற்குச் சமம்.

நிறமும் ஒரு சாட்சி. துணியில் பட்ட மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பாவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். எரிசோடாவிலும் மஞ்சள் அப்படித்தான் சிவந்து, பிறகு மங்கும். றோசா இதழ் கபிலமாகும், பீற்றூட்டின் சிவப்பும் நிற்காது, வேப்பிலையின் பச்சையும் நாளடைவில் மங்கும். எரிசோடாவில் செய்த ‘றோசாச் சவர்க்காரம்’ இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது என்றால், அந்த நிறம் பெரும்பாலும் பூவிலிருந்து வந்ததல்ல. கடையில் வாங்கிய சவர்க்காரக் கட்டியை உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து மறுபடி அச்சில் ஊற்றுவதும் ஒரு வேலைதான், குற்றமில்லை. ஆனால் அதை ‘மூலிகை எண்ணெயில் செய்தது’ என்று விற்பது பொய்.

தோலுக்கு என்ன வித்தியாசம்?

கசப்பான உண்மையொன்றைச் சொல்ல வேண்டும். தேய்த்து, நுரைத்து, ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் பொருளில், சேதன முறைத் தேங்காய் எண்ணெய்க்கும் சாதாரணத் தேங்காய் எண்ணெய்க்கும் தோல் பெரிய வித்தியாசம் காணாது. இரண்டிலும் ஒரே கொழுப்பமிலங்கள், ஒரே சவர்க்காரம். தோலுக்கு முக்கியமானவை வேறு: அளவு சரியா, நன்றாகக் காய்ந்ததா, எண்ணெய் காறலடித்ததா, வாசனை என்ன.

வாசனை என்ற இடத்தில் ‘இயற்கை’ என்ற சொல் காப்பாற்றாது. எலுமிச்சை, லவெண்டர் போன்ற வாசனை எண்ணெய்கள் செடியிலிருந்துதான் வருகின்றன. ஆனால் அவற்றிலுள்ள லிமோனீன், லினலூல் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தருகின்றன. அதனால்தான் இவற்றின் பெயரை உறையில் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயப்படுத்தியிருக்கிறது. கைக்குழந்தைக்கு வாங்குபவர்கள் வாசனையே இல்லாத சவர்க்காரத்தைத் தேடுவது நல்லது.

அப்படியானால் ‘ஓர்கானிக்’ வீணா? இல்லை. அதன் பயன் தோலில் இல்லை, கிணற்றில் இருக்கிறது.

கிணற்றின் கணக்கு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். மழை மண்ணில் ஊறி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியில் தங்குகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். வலிகாமத்துச் செம்மண்ணில் போடும் பசளையும் அடிக்கும் மருந்தும் தடையில்லாமல் அங்கே போய்ச் சேர்கின்றன.

குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தோட்டப் பகுதிக் கிணறுகள் பல இந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகின்றன. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை நைத்திரேற்று குறைக்கும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். கிணற்றை நம்பி வாழ்ந்த ஊருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

ஆகவே சவர்க்காரத்துக்குச் சேதனப் பொருள் கேட்பது அழகுக்கான ஆசையாக இருக்கத் தேவையில்லை. ஒரு தோட்டக்காரர் தன் நிலத்தில் ஒரு பரப்பிலாவது யூரியாவையும் மருந்தையும் நிறுத்த, அதற்கு நல்ல விலை கொடுக்கும் ஏற்பாடாக அது இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எந்தப் பொருளுக்கு ‘ஓர்கானிக்’ தேவை, எதற்குத் தேவையில்லை என்பது தானாகத் தெளியும்.

எதற்கு எது?

வேம்பு, இலுப்பை, பனை. இந்த மரங்களுக்கு யாரும் பசளை போடுவதில்லை, மருந்தும் அடிப்பதில்லை. கோயில் வீதியிலும் வேலியோரத்திலும் வளர்ந்தவை. இவற்றுக்குச் சான்றிதழ் தேடிப் பணம் செலவழிப்பது வீண். கவனிக்க வேண்டியது விதையைத்தான்: ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த வேப்பங்கொட்டையில் நல்ல எண்ணெய் வராது. விழுந்தவுடன் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும்.

தேங்காய் எண்ணெய். நம் ஊருக்கு மிகப் பொருத்தமான எண்ணெய் இதுதான். சுண்ணாம்புக் கல் நீர் கடின நீர். அதில் பல சவர்க்காரங்கள் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் திரியும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உவர் நீரிலும் நுரைக்கும். தீவகத்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். விலை உயர்ந்த ஒலிவ் எண்ணெயை இறக்குமதி செய்து, நம் கிணற்று நீரில் நுரைக்கவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. வளவுத் தென்னையின் தேங்காய்க்குச் சான்றிதழ் தேவையில்லை; மருந்து அடிக்காத வளவு என்று தெரிந்தால் போதும். பெருந்தோட்டத்துக் காய் என்றால் கேட்க வேண்டும்.

நல்லெண்ணெய். வன்னியில் மானாவாரியாக விளையும் எள்ளுக்குப் பொதுவாகப் பசளை குறைவு. எந்தச் செக்கில், எப்போது ஆட்டியது என்று கேட்டால் போதும். பழைய எண்ணெய் சவர்க்காரத்திலும் காறலடிக்கும்.

மஞ்சள், பப்பாசி, கரட், றோசா. இவை தோட்டத்தில் வளர்பவை. மருந்து அதிகம் படும் இடமும் அதுதான். ‘ஓர்கானிக்’ என்ற கேள்வியை உரக்கக் கேட்க வேண்டியது இங்கேதான். ஆனால் சவர்க்காரத்தில் இவற்றின் பங்கு மிகச் சிறிது. எரிசோடாவில் இவற்றின் சத்துகளில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஒரு கரண்டி சேதன மஞ்சளைப் போட்டுவிட்டு முழுக் கட்டியையும் ‘ஓர்கானிக்’ என்று அழைப்பது நியாயமல்ல.

கற்றாளை. தீவகத்திலும் மன்னார்க் கரையோரத்திலும் காட்டுக் கற்றாளையைக் களவாகப் பிடுங்கி ஏற்றுவது பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்தக் கற்றாளையும் ‘இயற்கை’தான். மணலைப் பிடித்து வைக்கும் செடியை வேரோடு பிடுங்கிச் செய்த சவர்க்காரத்தை நல்ல பொருள் என்று எப்படிச் சொல்வது? வீட்டு வளவில் நட்டு வளர்த்த கற்றாளையை மட்டும் வாங்குங்கள்.

பாம் எண்ணெய். அதுவும் மரத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்காகத் தென்கிழக்காசியாவில் அழிந்த காடுகள் கொஞ்சமல்ல. ‘தாவர எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் தாவரம் என்று கேட்க வேண்டும்.

2021 சொன்ன பாடம்

‘சேதனம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் விவசாயிகள் பலருக்குக் கோபம் வரும். அதற்குக் காரணம் உண்டு. 2021 ஏப்பிரலில் அன்றைய அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்வதாக அறிவித்தது. மே மாதத்தில் வர்த்தமானியும் வந்தது. மாற்றுப் பசளையும் இல்லை, பயிற்சியும் இல்லை, கால அவகாசமும் இல்லை. நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அடுத்த அறுவடையில் நெல் விளைச்சல் சரிந்தது.

தோற்றது சேதன விவசாயம் என்று சொல்வது தவறு. தோற்றது அவசரமும் கட்டளையும். 2 ஆண்டு, 3 ஆண்டு என்று நிலத்துக்குக் காலம் கொடுத்து, விரும்பும் விவசாயியோடு தொடங்கி, விளைந்ததற்குச் சந்தை காட்டினால் அது வேரூன்றும். கைவினைச் சவர்க்காரம் போன்ற சின்னத் தொழில்கள் அப்படியொரு சந்தையாக இருக்க முடியும். கட்டளையால் ஆகாததைக் கொள்முதலால் செய்யலாம்.

சட்டத்தில் ஓட்டை

1980ஆம் ஆண்டின் பழைய சட்டம் அழகுசாதனப் பொருள்களையும் மருந்துகளோடு சேர்த்துக் கண்காணித்தது. அதற்குப் பதிலாக வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் பார்வை மருந்துகள், மருத்துவச் சாதனங்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட பொருள்கள் மீதே இருக்கிறது. சாதாரண அழகுசாதனப் பொருளும் சவர்க்காரமும் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. மிஞ்சியிருப்பது நுகர்வோர் அதிகாரசபை. பொய் உறுதிமொழியுடன் விற்கும் பொருளைப் பற்றி 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டை வைத்து மட்டும் ஒரு தொழிலை நெறிப்படுத்த முடியாது.

என்ன செய்யலாம்?

முதலாவது, உறை. சவர்க்காரம் செய்பவர்கள் தாங்களாகவே ஓர் ஒழுங்குக்கு வரலாம். எண்ணெய்களின் பெயர்கள், எரிசோடா, வாசனை, நிறம், அச்சில் ஊற்றிய திகதி, விற்பனைக்குத் தயாரான திகதி ஆகிய ஆறையும் தமிழில் எழுதுங்கள். எரிசோடா என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அதை எழுதாத உறைதான் சந்தேகத்துக்குரியது. சான்றிதழ் இலக்கம் இருந்தால் மட்டும் ‘ஓர்கானிக்’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, பயிற்சி. பிரதேச செயலகங்களோடு இணைந்த விதாதா வள நிலையங்கள் சவர்க்காரம் செய்யக் கற்றுக் கொடுக்கும்போது, எரிசோடாவின் அளவுக் கணக்கும் பாதுகாப்பும் முதல் பாடமாக இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பயிற்சியும் நடக்கக் கூடாது.

மூன்றாவது, பரிசோதனை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையும் சித்த மருத்துவ ஆசிரியர்களும் குறைந்த கட்டணத்தில் காரத்தன்மையையும் மிஞ்சிய எரிசோடாவையும் சோதித்துத் தரலாம். மாணவர்களுக்கு அது செய்முறைப் பாடம், தொழில் செய்பவருக்கு அது நம்பிக்கைச் சீட்டு.

நான்காவது, கூட்டு உத்தரவாதம். சர்வதேசச் சான்றிதழ் ஒரு வீட்டுத் தொழிலுக்குக் கட்டுபடியாகாது. ஆனால் விவசாயிகளும் வாங்குபவர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் போய்ப் பார்த்து உறுதிசெய்யும் பங்கேற்பு முறை உலகின் பல நாடுகளில் இருக்கிறது. இந்திய அரசே அதை ஒரு திட்டமாக நடத்துகிறது. நமது பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இதைத் தொடங்கப் பொருத்தமானவை. ஊரில் யார் மருந்தடிக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும்.

ஐந்தாவது, மரம். 2025இல் அறிவிக்கப்பட்ட வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டத்தில் ஒரு பகுதியைச் சேதன முறைக்கு ஒதுக்க வேண்டும். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை வேம்பு, இலுப்பை விதைகளையும் சேர்த்துக் கொள்முதல் செய்யும் ஏற்பாட்டுக்கு உதவலாம். நிலத்தில் விழுந்து வீணாகும் விதை கிராமத்துக்கு வருமானமாகும்.

ஆறாவது, வாங்கும் நாம். விலையைக் கேட்கும்முன் என்ன எண்ணெய், எந்த ஊர், எப்போது செய்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். ‘எல்லாம் இயற்கைதான்’ என்று மட்டும் சொல்பவரை விட்டு நகருங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: மருந்து படாத மரத்தின் எண்ணெய்க்கு ‘இயற்கை’ போதும், ஊரைத் தெரிந்து வாங்கினால். தோட்டத்தில் விளைந்த எதற்கும் சேதன முறையைக் கேளுங்கள், அதற்குரிய விலையையும் கொடுங்கள். அந்த விலையின் ஒரு பங்கு வலிகாமத்துக் கிணறுகளைக் காப்பதற்கு நாம் செலுத்தும் காசு.